மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டு

நவம்பர் 3, திங்கள்

காலையிலேயே மழை. சிவகாசியில் மழை பெய்தால் காகிதம் ஈரம் குடிக்கும், ஈரக் காகிதம் மெஷினில் சுருளும், அது சுருண்டால் அண்ணாச்சி எங்கள் மேல் பாய்வார். அண்ணாச்சி என்பது எங்கள் காலண்டர் கம்பெனி முதலாளி ராஜமாணிக்கம். ஊரே அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படியே.

இன்று பாய்ந்தது வேறு விஷயத்துக்கு. கம்பெனி வெப்சைட்டில் நான் தினமும் ஏற்றும் ராசிபலனைப் பார்க்க ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் பேர் வருகிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவருக்கு ஆசை அடங்கவில்லை. பல்லி விழும் பலன், கனவுப் பலன், மச்ச பலன், மனையடி சாஸ்திரம் என்று பதினாலு வருஷமாகக் காலண்டரின் பின்பக்கம் அடித்த அத்தனையும் வெள்ளிக்கிழமைக்குள் வெப்சைட்டில் ஏற வேண்டுமாம்.

"எல்லாம் டைப் அடிச்சு வச்சதுதானம்மா தமயந்தி. எடுத்து ஒட்ட வேண்டியதுதான?"

எடுத்து ஒட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது. அதெல்லாம் பழைய ஃபான்ட்டில் அடித்தது. எங்கள் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரியும், வெப்சைட்டில் போட்டால் இங்கிலீஷ் எழுத்தும் கொக்கியும் புள்ளியுமாகக் கொட்டும். முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும்.

"நானூறு பக்கந்தான தாயி, அடி" என்றார் காசி அண்ணன், வாயெல்லாம் பல்லாக. காசிராஜன் அண்ணனுக்கும் எனக்கும் பதினோரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வலது கண்ணில் ஆபரேஷன் செய்தும் பார்வை சரியாக வரவில்லை. மானிட்டரில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்துதான் வேலை பார்ப்பார். வெப்சைட்டுக்குள் போகிற பாஸ்வேர்டு இந்தக் கம்பெனியில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

நவம்பர் 4, செவ்வாய்

முடிந்துவிட்டது. நானூறு பக்கமும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். ஒரு வழி கிடைத்தது.

அண்ணாச்சி எல்லோரையும் கூப்பிட்டு என்னைக் காட்டி, "வேலைன்னா இப்படிச் செய்யணும்" என்றார். எப்படிச் செய்தாய் என்று காசி அண்ணன் கேட்டார். மூளை வேண்டும் என்று சொன்னேன். முறைத்துவிட்டு என் டப்பாவிலிருந்து ஒரு கத்தரிக்காய்த் துண்டை எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 8, சனி

நேற்று வெப்சைட்டுக்கு ஐம்பத்தோராயிரம் பேர். மச்ச பலன்தான் முன்னால் ஓடுகிறது. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் என்ன பலன் என்று தெரிந்துகொள்ள இத்தனை பேர் காத்திருந்திருக்கிறார்கள்.

என் மகன் நவீனின் யூனிபார்ம் மூன்று நாளாகக் காயவில்லை. ஆறாம் வகுப்பில் எல்லோருமே ஈரத்தோடுதான் வருகிறார்களாம். என் கம்ப்யூட்டரும் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. மழைக்கு எல்லாமே அப்படித்தான்.

நவம்பர் 10, திங்கள்

தருமபுரி ஏஜென்ட் மாதப்பன் ஐயா பத்து மணிக்கு போன் செய்தார். அறுபத்தொரு வயது மனிதர். ராசிபலன் பார்க்க நம் வெப்சைட்டைத் திறந்திருக்கிறார். 'இன்றைய பலனைப் பார்க்க இதை இறக்கிக்கொள்ளவும்' என்று ஒரு கட்டம் வந்திருக்கிறது. அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான். அவர் போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் 'எனது திருமணத்திற்கு அவசியம் வரவும்' என்று அவர் பெயரிலேயே பத்திரிகை போய்க்கொண்டிருக்கிறது.

"ஏம்மா, என் சம்பந்தியே போன் போட்டு யாரு பொண்ணுன்னு கேக்கறாரும்மா. வீட்டுல அவ சோறு போட மாட்டேங்கறா."

சிரித்துவிட்டேன். காசி அண்ணனிடம் சொல்லி அவரும் சிரித்தார். பதினோரு மணிக்கு இரண்டாவது போன், கடலூரிலிருந்து. பிறகு தென்காசி. சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு. அந்தப் பத்திரிகையைத் திறந்தவர்களின் போனும் இதே கதிக்கு ஆளாகிறதாம். தன் போனிலிருந்த படமெல்லாம் எங்கேயோ போய்விட்டது என்று ஒரு அம்மா அழுதாள்.

கழிப்பறைக்குப் போய் என் போனில் வெப்சைட்டைத் திறந்தேன். கட்டம் வந்தது. நம் காலண்டர் நிறத்தில், நம் எழுத்தில், நம் முருகன் படத்தோடு. அதை நான் போடவில்லை. பக்கத்தை மூடிவிட்டுத் திறந்தேன், மறுபடியும் வந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று வெப்சைட் திறக்கவே இல்லை. யார் திறந்தாலும் சிவப்பாக ஒரு பக்கம், 'இந்தத் தளம் ஆபத்தானது' என்று. ஏஜென்ட்கள் காலண்டரில் அடிக்க வேண்டிய கடைப் பெயரும் சாமி படமும் தேர்ந்தெடுத்து அனுப்புவதெல்லாம் அதன் வழியாகத்தான். நவம்பரில் அது நின்றால் வருஷமே நின்ற மாதிரி.

அண்ணாச்சி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எங்கள் இருவர் நாற்காலிக்கும் நடுவில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்: "யாரு செஞ்ச வேலை இது?"

தெரியாது என்றேன். அது உண்மை. யார் செய்தது என்று எனக்குத் தெரியாது.

நாளைக்கு மதுரையிலிருந்து ஆள் வந்து எல்லாக் கம்ப்யூட்டரையும் பார்க்கப் போகிறார்களாம். என்னுடையது ரொம்ப மெதுவாகிவிட்டதால் மதியம் பஜாரிலிருந்து ஆளை வரவழைத்து, உள்ளே இருக்கிறதையெல்லாம் அழித்துப் புதிதாகப் போடச் சொன்னேன். ஏதாவது எடுத்து வைக்க வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எப்போதோ செய்திருக்க வேண்டியது.

நவம்பர் 12, புதன்

மதுரையிலிருந்து வந்தது ஒரு பெண். ஷமீமா. முப்பது வயது இருக்கும். வந்ததும் தண்ணீர் கேட்டாள், குடித்துவிட்டு உட்கார்ந்தவள் மூன்று மணிவரை எழுந்திருக்கவில்லை. நல்ல பெண். அவள் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் கீபோர்டில் எதையாவது தட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சியிடம் சொன்னாள்: "பூட்டை யாரும் உடைக்கல சார். சரியான பேரு, சரியான பாஸ்வேர்டு போட்டு உள்ள வந்திருக்காங்க. ஆறாம் தேதி, வெளிநாட்டுல இருந்து. வந்து அந்தக் கட்டத்தை வச்சிட்டுப் போயிருக்காங்க. பாஸ்வேர்டு இங்க இருந்துதான் போயிருக்கு. எப்படிப் போச்சுன்னு பாக்கணும்."

"நாங்க ரெண்டு பேரும் யாருக்கும் சொல்லலையே" என்றார் காசி அண்ணன்.

என் கம்ப்யூட்டரைத் திறந்தவள் ஏன் எல்லாமே புதிதாக இருக்கிறது என்று கேட்டாள். மெதுவாக ஓடியது என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். சரி அக்கா என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

டீ கொடுக்கும்போது சும்மா கேட்டேன், பாஸ்வேர்டு எப்படியெல்லாம் போகும் என்று. "யாராவது பாத்தாலோ எழுதி வச்சிருந்தாலோ போகும்கா, அந்த ஒண்ணு மட்டும் போகும். ஆனா திருட்டு புரோகிராம் எதுவும் உள்ள வந்திருந்தா, பிரவுசர் ஞாபகம் வச்சிருக்கிற அத்தனையும் போயிடும். உங்க சொந்த மெயில் உட்பட."

டீ ஆறிப்போகிறது என்று சொன்னேன்.

நவம்பர் 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆயுதபூஜைக்கு எடுத்த போட்டோ. அன்றைக்கு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கீபோர்டு மேல் பொரிகடலை வைத்துப் படம் பிடித்தோம். கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் காசி அண்ணன்தான் போட்டார். அவர் மானிட்டரின் ஓரத்தில் ஒரு சீட்டு. கண் தெரியாததால் கட்டை கட்டையாக எழுதி ஒட்டி வைத்திருக்கிறார், வெப்சைட் பெயர், பாஸ்வேர்டு, எல்லாம். படத்தைப் பெரிதாக்கினால் பளிச்சென்று படிக்க முடிகிறது. சீட்டுக்கும் ஒரு பொட்டு குங்குமம் வைத்திருக்கிறார்.

"இதுவாத்தான் இருக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது சார். ஆனா வேற எந்தத் தடயமும் இல்ல" என்றாள் ஷமீமா.

அண்ணாச்சிக்கு அது போதும். எல்லோர் முன்னாலும் அந்தப் படத்தைக் காட்டினார். "கண்ணு தெரியலைன்னா வீட்டுல இருக்கணும். ஊருக்கே சாவியைக் குடுத்துட்டுப் பொரிகடலை தின்னிருக்கான்." அடுத்த சனிக்கிழமை, இருபத்திரண்டாம் தேதியோடு காசி அண்ணன் நின்றுகொள்ள வேண்டும். அதுவரைக்கும் ஏன் என்றால், ஆர்டரெல்லாம் இப்போது போனில் வருகிறது, டைப் அடிக்க ஆள் வேண்டும்.

காசி அண்ணன் அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். பசை வராமல் மானிட்டரில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது, அதைத் துப்பட்டாவால் துடைத்துக் கொடுத்தேன். "நீயாவது பேசுறியே" என்றார்.

நான் ஒன்றும் பேசியிருக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வேறு யாரும் உட்காரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

இட்லிக்கு அரைத்தேன். நவீனின் ஷூவை அடுப்புப் பக்கத்தில் காயவைத்தேன். என் வீட்டுக்காரர் பால்பாண்டி தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறார், அவருக்கும் இன்று லீவு. கறி எடுத்து வந்தார். ஒரு வாய் இறங்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மழை என்றேன்.

எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

நாலாம் தேதி காலையில், பழைய ஃபான்ட்டைப் புதுத் தமிழாக மாற்றுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். 'ஒரே அழுத்தில் தமிழ், முற்றிலும் இலவசம்' என்று ஒன்று கிடைத்தது. இறக்கும்போது கம்ப்யூட்டரின் ஆன்டிவைரஸ் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது. 'எங்கள் மென்பொருளை அது தவறாகப் புரிந்துகொள்கிறது, சிறிது நேரம் அணைத்து வையுங்கள்' என்று அந்தப் பக்கத்தில் தமிழில், மரியாதையாக எழுதியிருந்தான். அணைத்தேன். நானூறு பக்கமும் அழகாக மாறியது, ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஆன்டிவைரஸை மறுபடி போட மறந்தே போனேன்.

அந்தப் பிரவுசரில் எல்லாப் பாஸ்வேர்டும் இருந்தன. ஒவ்வொரு தடவையும் அடிக்க அலுப்பாக இருக்கிறதென்று நான்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆனால் சீட்டும் போட்டோவில் இருந்ததே. அதைப் பார்த்துக்கூடப் போயிருக்கலாம். ஷமீமாவே உறுதியாகச் சொல்லவில்லை. என் கம்ப்யூட்டரில் இப்போது ஒன்றும் இல்லை, யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. சொந்த மெயில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பிறகு மாற்றுகிறேன்.

நவம்பர் 17, திங்கள்

மெயில் வந்திருக்கிறது.

மெஷின் மொழிபெயர்த்த தமிழில். 'வணக்கம் நண்பர். நான் உங்கள் கடவுச்சொல் அறிவேன். நான் உங்கள் கேமரா வழியாக உங்களை நீண்டநாள் கண்டேன். பணம் செலுத்த நான்கு நாள்கள் வழங்கப்படும். இணங்காவிடில் உங்கள் அறிமுகம் அனைவருக்கும் காட்டப்படும்.'

எங்கள் கம்ப்யூட்டர் எதிலும் கேமரா கிடையாது. சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. ஏனென்றால் முதல் வரியிலேயே என் பாஸ்வேர்டு இருந்தது. பெயரும் நாலு எண்ணும்.

ஆதிரை0907.

இந்தப் பெயர் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நவீனுக்கு முன்னால், பதினாலு வருஷத்துக்கு முன்னால், ஜூலை ஒன்பதாம் தேதி. நர்ஸ் ஒரு தடவை காட்டினாள், துணியைச் சுற்றிக் கொண்டுபோய்விட்டாள். அழவே இல்லை அது. பெயர் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் மனசுக்குள் வைத்துக்கொண்டேன், வீட்டுக்காரரிடம் ஒரு தடவை சொன்னேன். பிறகு யாரிடமும் சொல்லவில்லை. பிரவுசர் ஞாபகம் வைத்திருந்தாலும், தினமும் காலையில் மெயிலைத் திறக்கும்போது இதை மட்டும் கையாலேயே ஒரு தடவை அடிப்பேன், அவ்வளவுதான். அதற்காகத்தான் அதை வைத்தேன்.

எவனோ ஒருவன், எந்த நாட்டிலோ, அதை எடுத்து என்னைப் பயமுறுத்துகிறான். மவுஸ் கை தவறிக் கீழே விழுந்தது. காசி அண்ணன் எடுத்துக் கொடுத்து, "என்ன தாயி, நீ ஏன் இப்படி ஆகுற, வேலை போறது எனக்குத்தான?" என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

காலையில் தோசை சுடும்போது அவரிடம் கேட்டேன், அந்தப் பெயரை எப்போதாவது யாரிடமாவது சொன்னீர்களா என்று. எந்தப் பெயர் என்று கேட்கவில்லை.

"நான் யாருகிட்டச் சொல்லப்போறேன்" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு, "நீ மறந்துட்டன்னு நினைச்சேன்" என்றார்.

தோசை கருகியது. அதையே தின்றுவிட்டு வேனுக்குப் போனார்.

நவம்பர் 19, புதன்

காசி அண்ணனின் சீட்டில் என் பாஸ்வேர்டு இல்லை. இதை எழுதுவதற்கே இரண்டு நாள் ஆகியிருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

காசி அண்ணன் மதியம் பஜாரில் இரண்டு பிரஸ்ஸில் வேலை கேட்டுவிட்டு வந்தார். ஒருவன் ஒரு பக்கத்தைக் கொடுத்து அடிக்கச் சொல்லியிருக்கிறான். இவர் மானிட்டர் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனதும், போதும் அண்ணே என்று எழுப்பிவிட்டானாம். இன்னொருவன், "ஆயுதபூஜை போட்டோ போட்டது நீங்கதானா?" என்று கேட்டானாம். அதற்குள் ஊரெல்லாம் போயிருக்கிறது.

"நான்தான் குடுத்தேன்னா ஒத்துக்கிறேன் தாயி. எனக்கே சந்தேகமா இருக்கு. சீட்டு ஒட்டுனது நான், படம் போட்டது நான். என்னால எத்தனை பேரு போனு கெட்டுப்போச்சு." தருமபுரி மாதப்பன் ஐயாவுக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டாராம். அவர் சம்பந்தியிடமும் பேசி விளக்கிச் சொன்னாராம்.

செய்யாத தப்புக்கு அவர் ஊர் ஊராக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் ஊறுகாயை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

இதை நிரூபிக்க என்னிடம் இருப்பது அந்த மெயில் ஒன்றுதான். மற்றதையெல்லாம் நானே அழித்துவிட்டேன். மெயிலைக் காட்டினால் வேலை போகும். அதுகூடப் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. அண்ணாச்சி அந்தப் பெயரைச் சத்தம் போட்டுப் படிப்பார். அதுதான் தாங்காது.

நவம்பர் 22, சனி

பத்தரை மணிக்கு அண்ணாச்சி அறைக்குப் போனேன். ஷமீமாவுக்குப் போன் போடுங்கள் என்றேன். காசி அண்ணனையும் கூப்பிடச் சொன்னேன். அவர் கையில் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார், அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று.

அச்செடுத்த மெயிலை அண்ணாச்சியின் மேஜையில் வைத்தேன். நினைத்த மாதிரியே சத்தமாகப் படித்தார்.

"யாரும்மா ஆதிரை?"

"என் மக."

"உனக்குப் பையன்தான?"

"இருந்தா. பொறந்தப்பவே இல்ல."

ஷமீமா போனில் கேட்டாள், இது உங்கள் சொந்தப் பாஸ்வேர்டா, எங்கேயாவது எழுதி வைத்தீர்களா என்று. இல்லை, பிரவுசரில் மட்டும்தான் என்றேன். பிறகு ஃபான்ட் மாற்றியது, ஆன்டிவைரஸை அணைத்தது, கம்ப்யூட்டரை அழிக்கச் சொன்னது, எல்லாம் சொன்னேன்.

"அப்ப போட்டோவால இல்ல சார்" என்றாள் ஷமீமா. "அக்கா கம்ப்யூட்டர்ல இருந்துதான் எல்லாம் போயிருக்கு. அக்கா, அந்த மெயில்காரனுக்குப் பதில் போடாதீங்க. அவங்ககிட்ட படம் கிடம் ஒண்ணும் இருக்காது."

அண்ணாச்சி காசி அண்ணன் கையிலிருந்த கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டார். "நீ இருந்துக்க காசி." பிறகு என் பக்கம் திரும்பினார்: "திங்கக்கிழமையில இருந்து கம்ப்யூட்டர் பக்கம் வரக்கூடாது. டின் அடிக்கிற செக்‌ஷனுக்குப் போ. மக பேரு வந்ததால விடுறேன்."

காசி அண்ணன் எனக்கு முன்னால் வெளியே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை இங்கே எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

டின் அடிக்கிற செக்‌ஷனில் பன்னிரண்டு பெண்கள். காலண்டர் அட்டையின் தலையில் தகரப் பட்டையை வைத்து மிதி மெஷினை மிதிக்க வேண்டும். விரலை எடுக்க மறந்தால் விரலும் சேர்ந்து போகும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மதியத்துக்குள் முன்னூறு அடித்தேன். மெயில்காரன் சொன்ன நாலு நாள் முடிந்து மூன்று நாளாகிறது, ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் போன் ஒலித்தால் யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் காசி அண்ணன் வந்தார். கையில் டப்பா இல்லை. நான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். நின்றுகொண்டே இருந்தார்.

"ஒம்பது நாளு பக்கத்துலயே உக்காந்திருந்தியே" என்றார். "உங்க மதினிகிட்ட தினம் போய்ச் சொல்லுவேன், ஆபீஸ்ல ஒருத்தரும் என்கூட உக்காரல, தமயந்தி மட்டுந்தான் இருக்கான்னு. இப்ப அவகிட்ட என்ன சொல்ல?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். போய்விடுவார் என்று நினைத்தேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்தப் புள்ள இருந்தா இப்ப எத்தனாவது படிக்கும்?"

இதை இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

"ஒம்பதாவதுண்ணே."

தலையாட்டினார். உட்காராமல் போய்விட்டார்.